முன்னால் போன முதுகு

பந்தயம் தொடங்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அதற்குள்ளேயே அந்த ஆளின் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றரை. வெயில் இல்லை. மேகம் கவிந்து, இலை அசையாத புழுக்கத்தில், அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவிலிருந்த சதுக்கத்தில் நூறு பேர் கைகால்களை உதறிக்கொண்டு நின்றார்கள். எல்லார் முதுகிலும் எண் எழுதிய தாள் குத்தியிருந்தது. அந்தச் சாம்பல் நிறச் சட்டைக்காரனின் முதுகில் ஈரத்தைத் தவிர ஒன்றுமில்லை. முன்கூட்டியே ஓடிப் பழகிவிட்டு வந்திருப்பான் என்று காம்பஸ் நினைத்துக்கொண்டார். அதற்கு மேல் நினைக்க அவருக்கு நேரமில்லை. அவர் கவலை அவருக்கு.

காம்பஸ் என்பது ஆபீஸ் வைத்த பெயர். மருத்துவமனைகளுக்குக் கையுறையும் ஊசியும் கட்டிலும் அனுப்புகிற கம்பெனியில் அவர் கிடங்கு மேற்பார்வையாளர். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, பேச்சு எங்கெங்கோ போய், பள்ளிக்கூட நாளில் சாரணர் முகாமில் வெறும் வரைபடத்தை வைத்து ஒரு காட்டையே தாண்டி முதல் பரிசு வாங்கியதாகச் சொல்லிவிட்டார். யாரும் கேட்கவில்லை. வாய் அதுவாகச் சொன்னது. அந்த முகாமில் அவர் சமையல் கொட்டகைக்குப் பின்னால் வழி தவறி, ஒரு மணி நேரம் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்ததும், சமையல்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்ததும், மற்றப் பையன்கள் வரிசையாக நின்று சிரித்ததும் அவருக்கு மட்டும்தான் தெரியும். மறுநாளே பெயர் ஒட்டிக்கொண்டது. நகரத்துக்குள் வரைபடம் பார்த்து ஓடும் பந்தயம் என்று அறிவிப்பு வந்ததும், மேனேஜர் முதல் பெயராக அவருடையதை எழுதிக் கொடுத்துவிட்டார்.

இருவர் இருவராகத்தான் ஓட வேண்டும். டெஸ்பாட்ச் பிரிவில் சேர்ந்து இரண்டு மாதமே ஆன பெண் தானாக வந்து நின்றாள். "எனக்குச் சொந்தத் தெருவே குழம்பும் சார். நீங்க இருக்கீங்கன்னுதான் பேர் குடுத்தேன்."

ஒரு ஜோடிக்கு ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி, பன்னிரண்டு கட்டம் போட்ட ஒரு அட்டை. பன்னிரண்டு இடங்களில் வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கொடி தொங்கும். அதோடு ஊசிப்பல் வைத்த ஒரு பஞ்ச். அதை அழுத்தி அட்டையில் துளை போட்டுக்கொண்டு, இருவரும் சேர்ந்தே திரும்பி வர வேண்டும். போன்களை உறையில் போட்டு மேசையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

முதல் இரண்டு கொடிகளும் சிக்கலில்லை. கூட்டம் போன பக்கம் போனார்கள். மூன்றாவதைத் தேடிப் போகும்போது கூட்டம் நான்காகப் பிரிந்து, நாலு தெருவில் மறைந்தது. மூடிய கடைகளின் ஷட்டர்களும், எங்கோ ஓர் ஏசியின் உறுமலும், சாக்கடையின் புளித்த வாடையும் மட்டும் மிச்சம். காம்பஸ் வரைபடத்தை விரித்தார். கறுப்புக் கோடு, பழுப்புப் பட்டை, சிவப்பு வட்டம். எல்லாம் தெரிந்தது. எதுவும் புரியவில்லை. திசைகாட்டியின் முள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடியது.

"சார், நாம இப்ப வடக்கப் பாத்தா நிக்கிறோம்?"

"பேசாம இரும்மா. கணக்குப் போட்டுட்டிருக்கேன்."

அப்போதுதான் தெருக்கோடியில் சாம்பல் சட்டை வலப்பக்கம் திரும்புவது தெரிந்தது. தயங்காமல், தேடாமல், தன் வீட்டுக்குப் போகிறவனைப் போல.

"இந்தப் பக்கம்," என்றார்.

மூன்றாவது கொடி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. நான்காவது ஒரு படிக்கட்டின் அடியில். ஒவ்வொரு தடவையும் சாம்பல் சட்டை முன்னால் போயிற்று. இவர் வரைபடத்தைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்து, புருவத்துக்கு அடியிலிருந்து அந்த ஈர முதுகைப் பார்த்துக்கொண்டே போனார். ஐந்தாவதில் துளை போட்டதும் அவள், "சூப்பர் சார்! சும்மாவா பேர் வச்சாங்க!" என்றாள். அவருக்குக் காது மடல் வரை சுட்டது. மற்றவர் முதுகைப் பார்த்து ஓடுவது இந்தப் பந்தயத்தில் திருட்டுக்குச் சமம் என்று தொடக்கத்திலேயே ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்கள். அவளும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறாவதைத் தாண்டியதும் அவருடைய ஷூ நாடா அவிழ்ந்தது. குனிந்து கட்டினார். நிமிர்ந்தபோது, அறுபதடி தள்ளி, சாம்பல் சட்டை நின்றுகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. கைகள் இரண்டும் தொங்கின. அவர் ஓரடி எடுத்து வைத்தார். அதுவும் ஓரடி எடுத்து வைத்தது.

"சார்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவரு நமக்காகவா நிக்கிறாரு?"

"பந்தயத்துல யாரு யாருக்காக நிப்பா? மூச்சு வாங்கியிருக்கும்."

"கையில மேப் இல்ல சார். அட்டையும் இல்ல. ஒரு இடத்துலயும் அவரு பஞ்ச் பண்ணிப் பாக்கல நான்."

அவரும்தான் பார்க்கவில்லை. மூன்றாவது கொடியிலிருந்தே அது தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருக்க முடிந்தது, அவ்வளவுதான்.

ஒரு வங்கி வாசலில் காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பகுதியில் அவர்கள் பார்த்த ஒரே முகம். "அந்த அண்ணாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே சார்," என்று அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். காம்பஸ் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தே விட்டார். "வழி கேக்கறதுக்கா என்னை அனுப்பியிருக்காங்க?" சொன்ன வேகத்தில் அவள் முகம் சுருங்கிப்போயிற்று. "இல்ல சார், சும்மாதான்," என்றாள். முன்னால், சாம்பல் சட்டை ஒரு சந்துக்குள் நுழைந்தது.

சந்து முடிகிற இடத்தில் நாலு மாடிக் கட்டடம். ஒரு காலத்தில் சிறு சிறு ஆபீஸ்களாக இருந்திருக்க வேண்டும். சுவரில் பெயர்ப்பலகைகள் கழற்றிய தடம் வெள்ளைச் செவ்வகங்களாக நின்றது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே நனைந்த சுண்ணாம்பும், பூசணம் பிடித்த காகிதமும், அவற்றுக்கு அடியில் வெகுநேரம் போட்டிருந்து கழற்றிய துணியின் வாடையும் ஒன்றாகக் கலந்து, மூக்கில் அல்ல, தொண்டையில் வந்து உட்கார்ந்தது. படிகளில் ஈரக் கால்தடம். மேலே போகும் தடம் மட்டும்.

அவள் வரைபடத்தை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிப் பார்த்தாள். "கட்டடத்துக்குள்ள போகக் கூடாதுன்னு போட்டிருக்கு சார். இதோ, கறுப்பு அடிச்சிருக்கு பாருங்க."

இப்போது சொல்லிவிடலாம். எனக்கு வரைபடம் பார்க்கத் தெரியாதும்மா, திரும்பிடலாம் வா. ஒரே ஒரு வாக்கியம். அது நாக்கு நுனி வரை வந்தது. சிரித்துக்கொண்டு நின்ற பையன்களின் வரிசையும் கூடவே வந்தது.

"எனக்குத் தெரியும். குறுக்கு வழி," என்றார்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு கொடி தொங்கியது. வெள்ளையும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. நிறமே போன துணி. பஞ்ச் துருவேறியிருந்தது. அவள் அட்டையை வைத்து அழுத்தினாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"சுடுது சார். யாரோ இப்பதான் பிடிச்சிருந்த மாதிரி."

மேலே காலடி. மெதுவாக. ஒரு படி. இன்னொரு படி. நின்றது. இவர்களுக்காக நின்றது.

மூன்றாம் மாடியில் நீளமான நடைவழி. இரு பக்கமும் மூடிய கதவுகள். கோடியில் மட்டும் ஒரு ஜன்னல். அழுக்குக் கண்ணாடி. அதன் முன்னால் சாம்பல் சட்டை. ஜன்னலைப் பார்த்து. ஈரம் இப்போது முதுகிலிருந்து சொட்டியது. தரையில் ஒவ்வொரு சொட்டும் கேட்டது.

காம்பஸ் நின்றுவிட்டார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல." தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "நீ முன்னாடி போம்மா. நான் மேப்பப் பாத்துட்டு வரேன்."

அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்திருந்தால்கூட அவர் பிழைத்திருப்பார். இல்லை. மேப்பை அவர் கையில் வைத்துவிட்டு, "சரி சார்," என்று நடந்தாள்.

பத்தடி. இருபதடி. அவளுடைய ரப்பர் ஷூ ஈரத்தில் கிறீச்சிட்டது.

சாம்பல் சட்டையின் தோள் அசைந்தது. திரும்ப ஆரம்பித்தது.

"சார்," என்றாள் அவள், மெல்ல. "சார், இவருக்கு..."

அதற்கு மேல் வரவில்லை.

அவர் ஓடினார். படிகள். சுவர். கதவு. சந்து. வங்கி வாசலில் நாற்காலி மட்டும் இருந்தது. எந்தத் தெரு என்று பார்க்கவில்லை. எங்கோ விசில் கேட்டது. அதை நோக்கி ஓடினார். பின்னால் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பேன் என்று ஓடும்போதே தனக்குச் சொல்லிக்கொண்டார். பொய் என்று அப்போதே தெரிந்தது.

சதுக்கத்தில் எலுமிச்சைச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு, கைத்தட்டு, முதுகில் எண்கள். மேனேஜர் கையை விரித்துக்கொண்டு வந்தார்.

"வாய்யா காம்பஸ்! என்ன, தனியா வர்ற?"

"கால் சுளுக்கிடுச்சு சார் அந்தப் பொண்ணுக்கு." மூச்சு விடுவதுபோல் அவ்வளவு எளிதாக வந்தது. "ஆட்டோ ஏத்தி வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"அடடா. நல்ல வேளை, நீ கூட இருந்த."

மேசையில் இருந்த பெண் ஓர் உறையைத் தூக்கிக் காட்டினாள். "போனை வாங்காமயே போயிட்டாங்களே? விடாம அடிச்சிட்டே இருக்கு."

"குடுங்க. நான் சேத்துடறேன்."

மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்காமல் இருக்க வழியில்லை. காம்பஸ் கூட்டத்தின் ஓரமாக, தெருவைப் பார்த்தபடி ஒதுங்கி, உறையைக் கிழித்தார். திரையில் 'அம்மா'.

"எங்கடி இருக்க? நாலு தடவை கூப்பிட்டாச்சு."

"நான்... நான் அவங்க ஆபீஸ்லேருந்து பேசறேம்மா."

"ஐயோ, காம்பஸ் சாரா? மன்னிச்சுக்கோங்க. நான் போக வேணாம்னுதான் சொன்னேன் சார். அவதான், எங்க சார் எந்தக் காட்டுல விட்டாலும் வழி கண்டுபிடிப்பாரு, நீ நிம்மதியாத் தூங்கும்மான்னு சொல்லிட்டு வந்தா." அந்த அம்மாள் சிரித்தாள். "பக்கத்துல இருக்காளா?"

அவர் வாயைத் திறந்தார். அப்போது பின்னாலிருந்து அவர் தோளை உரசிக்கொண்டு ஏதோ ஈரமாகக் கடந்து போயிற்று. நனைந்த சுண்ணாம்பு வாடை.

சாம்பல் சட்டை. அதற்குப் பின்னால், ஒரு முழ இடைவெளியில், அவள். கூட்டம் பார்க்காமலே விலகி வழி விட்டது. அவளுடைய சட்டை முதுகும் இப்போது நனைந்திருந்தது. எண் எழுதிய தாள் அதில் ஒட்டிக்கிடந்தது. அதன் மேல் பின்னல். கால்களில் ஷூ இல்லை. முன்னால் போன முதுகு போய்க்கொண்டே இருந்தது. அவள் மட்டும், தெருவோரத்தில், நின்றாள்.

உயிரோடு இருக்கிறாள் என்றுதான் முதலில் தோன்ற வேண்டும். அவருக்குத் தோன்றியது, சுளுக்கு என்று சொன்னோமே, மேனேஜர் பார்த்துவிடுவாரே என்பதுதான்.

"இருக்கா," என்றார் போனில். "முன்னாடிதான் நிக்கிறா."

"அவகிட்டக் கொஞ்சம் குடுங்க சார்."

அவர் கழுத்தைத் திருப்பி மேனேஜரைப் பார்த்தார். யாருக்கும் கேட்காத குரலில், உதடு மட்டும் அசைய, அவள் பெயரைச் சொன்னார்.

அவள் திரும்பினாள். முதலில் தலை. பிறகு தோள். பிறகு வெறுங்கால்கள். முழுசாக, நிதானமாக, அவர் பக்கம் திரும்பி முடித்தாள்.

முகம் இருக்க வேண்டிய அந்தப் பக்கத்திலும் எண் எழுதிய தாள்தான் இருந்தது. அதன் மேல் பின்னல் தொங்கியது.

தாள் மெல்ல எழும்பியது. தாழ்ந்தது.

"ஹலோ?" என்றது போன். "ஹலோ? பேசுடி கண்ணு."