கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள்

மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்தபோது சகுந்தலாவின் பின்னல் நுனியில் சாணி இருந்தது.

கன்றுக்குட்டி ஏதோ உரசிவிட்டுப் போன சாணி அல்ல. நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, விரலால் அழுத்தி, பக்குவமாக ஒட்டியிருந்தது. கழுவிப் பார்த்தாள். பின்னல் ஒரு சாண் குறைந்திருந்தது. வெட்டு சாய்வாக இருந்தது. ரோஜாக் குச்சியை அவள் அப்படித்தான் வெட்டுவாள். நட்ட பிறகு மேல்நுனி காயாமலிருக்க, அதன் தலையில் அப்படித்தான் சாணி வைப்பாள்.

கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது.

"உன் முடிய வெட்டி நான் இன்னாடி பண்ணப் போறேன்? தொடப்பமா கட்டப் போறேன்?" என்றார் மோட்டார் ரிப்பேர் கடையிலிருந்து வந்த துரைக்கண்ணு. அவள் புருஷன். சாம்பாரில் உப்பு குறைந்ததைத் தவிர உலகத்தில் வேறெதற்கும் பயந்ததில்லை.

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் ரோட்டில் அவர்களுடையதுதான் கடைசி வீடு. அந்தத் தை மாதம் அவள் தோட்டம் பூத்த பூப்புக்கு பஸ் டிரைவர்களே கியரைக் குறைத்தார்கள். வேலியோரம் கனகாம்பரம் காவியாக எரிய, தேன் குடித்துத் தேன் குடித்துப் பறக்க மறந்த வண்டுகள் செம்பருத்திக்குள் உருண்டு கிடக்க, மல்லி வாசனை சமையலறை வரைக்கும் வந்து ரசத்தில் விழுந்தது. இதில் ஒரு செடிகூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. வாங்கி வைத்தது வாடும், திருடி வைத்தது தழைக்கும் என்பது அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வேதம். செம்பருத்தி போலீஸ்காரர் வீட்டிலிருந்து வந்தது. நந்தியாவட்டை கோயிலிலிருந்து. குண்டுமல்லி, தம்பிக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலிருந்து. சம்பந்தம் முறிந்துவிட்டது, மல்லி பிடித்துக்கொண்டது.

ரோஜா மட்டும் மலை மேலிருந்து வந்தது. மழைக்காலத்தில் ஒருநாள் பஸ் பஞ்சராகி நின்ற திருப்பத்தில் பூட்டிய வீடு ஒன்று, முற்றமெல்லாம் ரோஜா. ஆள் இல்லை. ஒரு குச்சியை ஒடித்து முந்தானையில் செருகிக்கொண்டாள்.

பின்னல் குறைந்த அன்றுதான் அது முதல் மொட்டை விரித்தது. காய்ந்த ரத்தத்தின் நிறம். கிட்டப் போய் முகர்ந்தாள். ரோஜா வாசனை இல்லை. ஈர மண்ணும் விளக்கெண்ணெயும் கலந்து, யாரோ ஒரு கிழவியின் தலைமுடி வாசனை.

பக்கத்து வீட்டு முனியம்மா அந்தப் பூவைப் பறிக்க வேலிக்குள் கையை விட்டாள்.

"யக்கா, இத எங்கேர்ந்து கிள்னே?"

"மேல, ஒரு திருப்பத்துல. பூட்டின வூடு."

விட்ட கை நெருப்பில் பட்டதுபோல வெளியே வந்தது. "அது ராணியம்மா வூடாச்சே! செத்ததும் அந்த ரோஜாவுக்கு அடிலதான் பொதைச்சாங்க. நல்ல பொம்பள. கேட்டா மடி நெறைய குடுப்பா."

"கேக்கலன்னா? திட்டுவாளோ?"

"எதுக்குத் திட்டணும்? அவளுந்தான் தோட்டக்காரி. அவளும் கிள்ளுவா." முனியம்மா அவளை உற்றுப் பார்த்தாள். "அதிருக்கட்டும், உன் ஜடை இன்னா, எலி கடிச்சாப்பல கீது?"

அதற்குப் பிறகு சகுந்தலா தூங்கப் பயந்தாள். ராத்திரியில் துரைக்கண்ணு கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்பானரோடு உட்கார்ந்து குறட்டை விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. விடிந்து அவர் கடைக்குப் போனதும் அவள் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நல்ல வெயில். ரோட்டில் ஆள் நடமாட்டம். யாரும் வர முடியாது. வண்டுகளின் ரீங்காரம் காதுக்குள் இறங்கி, இமைக்குள் இறங்கி, எங்கோ தூரத்தில் ஒரு கத்தி.

சரக்.

விழித்தாள். வண்டுச் சத்தம் இல்லை. இடது கை சுண்டுவிரல் குட்டையாக இருந்தது. கணு பார்த்து, சாய்வாக. ரத்தம் இல்லை. வலி இல்லை.

நுனியில் சாணி.

"ரொம்ப சுத்தமா ஆறியிருக்கு. எந்த வருஷம் அடிபட்டது?" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். துரைக்கண்ணு அன்று எந்தக் கிண்டலும் செய்யவில்லை.

"ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் போய் அந்தச் சனியனத் திருப்பிக் குட்த்துட்டு வந்துரலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யார் விழித்திருப்பது? மறுநாள் காலை ரோஜாவை வேரோடு பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, மலை பஸ் ஏறினாள். ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். வளைவுக்கு வளைவு பஸ் தொட்டிலாக ஆடியது. குளிர்காற்று. கண் அசந்தது. ஒரு நொடி. ஒரே ஒரு நொடி.

"யம்மா, நீ கேட்ட எடம். எறங்கு." கண்டக்டர் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார். விசிலை ஊதினார். எதிர்ச் சீட்டுக்காரி குழந்தையின் கண்ணைப் பொத்தினாள்.

பனிமூட்டம் போல. ஒரு பக்கம் சரியாகத் தெரியவில்லை.

பூட்டிய வீட்டு முற்றத்தில் புதிதாக ஒரு பாத்தி. தண்ணீர் ஊற்றிய ஈரம் காயவில்லை. முதல் குழியிலிருந்து கருகருவென்று முடி தழைத்து, காற்று இல்லாமலே ஆடியது. அடுத்த குழியில் அவள் சுண்டுவிரல். அது பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நாலு விரல் துளிர்விட்டு, இளஞ்சிவப்பு நகங்களோடு முழுக் கையாக மேலே விரிந்திருந்தது.

"ராணியம்மா," என்றாள். "தப்புதான். கொண்டாந்துட்டேன். இந்தா, எடுத்துக்க."

யாரும் வாங்கவில்லை. மண்ணுக்குள் யாரோ ஆசையாக முகர்ந்து பார்க்கும் மூச்சு மட்டும்.

மூன்றாவது குழியில் இன்றைக்கு நட்டது. வெள்ளையாக, நரம்போடிய ஒரே ஒரு மொட்டு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல விரிந்தது.

விரிந்ததும் சகுந்தலாவுக்கு இரண்டு காட்சி தெரிந்தது. ஒன்றில் பாத்தி. இன்னொன்றில், தரை மட்டத்திலிருந்து மேல்நோக்கி, சாக்கு மூட்டையோடு நிற்கும் ஒரு பெண். அவளுடைய இடது கண் இருந்த இடத்தில் உருட்டி அழுத்திய சாணி. அவளுக்குப் பின்னால், அவள் கழுத்தில் கணு தேடிக்கொண்டிருந்தது மண் அப்பிய ஒரு கிழட்டுக் கட்டைவிரல்.