வெளியேறுமானியும் ஓர் ஏணியும்

“உங்கள் நிழலுரு பாதி ஏணியில் நின்றுவிட்டது. காரணம்: வேட்டி,” என்றது வெளியேறுமானி என்ற அந்த இயந்திரம்.

பட்டு வேட்டியில் வந்திருந்த புது மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. “மடிச்சுக் கட்டிக்கிறேங்க,” என்றான்.

“மடித்துக் கட்டியும் பார்த்தாயிற்று. காரணம்: தொப்பை.”

வரிசை கொல்லென்று சிரித்தது. அடுத்து புதுப்பெண் போய் நின்றாள். பெரிய திரையில் அவளுடைய நிழலுரு விறுவிறுவென்று இறங்கியது. தரையைத் தொடப்போகிற நேரத்தில், வளையல் ஒன்று மேலேயே கழன்று விழுந்துவிட்டதென்று திரும்ப ஏற ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. இருவரும் கைகோத்துக்கொண்டு பஞ்சுமிட்டாய்க் கடைப் பக்கம் நடந்தார்கள்.

குதூகலபுரி கேளிக்கைப் பூங்காவில் இப்போதெல்லாம் இதுதான் பெரிய வேடிக்கை. ‘சுழிக்காற்று’ என்ற அந்த மாபெரும் உருள்தொடர், அதாவது ரோலர் கோஸ்டர், வானத்தில் மூன்று வளையம் போட்டுவிட்டுச் சும்மா நின்றது. அதில் ஏற வந்த ஜனங்கள், ஏற முடியாமல் திரும்புகிற ஜனங்களைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் முறை வரும்வரைதான் அந்தச் சிரிப்பு.

வரிசையின் நடுவில் மங்கையர்க்கரசி தன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் நாத்தனார் சுலோச்சனாவின் கைப்பை, புளியோதரை டப்பா, தண்ணீர் பாட்டில்கள். நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளிலும் பக்கத்துக்கொரு துணிப்பை. குடும்பத்தோடு எங்கே போனாலும் இப்படித்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. சக்கரம் வைத்த ஒன்று கூடவே வருகிறது, அதில் மாட்டாமல் பையைத் தூக்குவானேன் என்று கை தானாகப் போய்விடும், அவ்வளவுதான்.

மங்கை கணக்கு டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஓர் ஆசை. சுழிக்காற்றில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஒவ்வொரு வருஷமும் குடும்பம் மேலே போய்க் கத்தும், அவள் கீழே உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்வாள். ஒவ்வொரு வருஷமும் வாசலில் மேலாளர் சீதாபதி கைகூப்பி, தேன் ஒழுகச் சொல்வார்: “நடுவில வண்டி நின்னுட்டா ஏணியில தனியா இறங்கணும் மேடம். எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்.”

“ஏணிக்குப் பதிலா ஒரு சாய்தளம் போடலாமே?”

“அதுக்கு இடமில்லை மேடம்.”

அவள் கணவன் தெய்வசிகாமணி அப்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “இவளை விட்டுட்டு நான் மட்டும் மேலே போக மாட்டேன்,” என்று அவளோடு கீழேயே தங்கிவிடுவான். சொந்தக்காரர்கள் மத்தியில் அவனுக்கு அதில் ஏகப்பட்ட நல்ல பெயர். மங்கைக்கும் அதை நினைத்தாலே மனசு நெகிழ்ந்துவிடும்.

கடைசியில் அவள் வழக்குப் போட்டாள். பூங்காவின் வக்கீல் பழைய பாட்டையே பாடினார். அந்த அம்மாவால் இறங்க முடியாது, மற்றவர்களால் முடியும். “மற்றவர்களால் முடியும் என்று எப்போது பார்த்தீர்கள்?” என்று நீதிபதி கேட்டார். “அவர்களுக்குத்தான் கால் இருக்கிறதே!” என்றார் வக்கீல். அந்த வாரம்தான் பரணில் ஒட்டடை அடித்துவிட்டு இறங்கும்போது விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வந்திருந்த நீதிபதிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே அளவுகோல், சோதனையும் எல்லோர் கண்ணெதிரிலும் நடக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

அப்படி வந்ததுதான் வெளியேறுமானி. பார்ப்பதற்குக் கதவில்லாத ஒரு வாசல் நிலை. அதில் போய் நின்றால் எடை, மூச்சு, கைப்பிடி, பதற்றம், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் நொடியில் அளந்து உங்களைப் போலவே ஒரு நிழலுருவைத் திரையில் உண்டாக்கும். பிறகு உருள்தொடரை உச்சியில் நிறுத்தி, மின்சாரத்தை அணைத்து, கொஞ்சம் காற்றையும் வீச விட்டு, அந்த நிழலுருவை ஏணியில் இறங்கச் சொல்லும். நீங்கள் என்ன செய்வீர்களோ அதை அது செய்யும். உங்களுக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், அதற்கு மானம் கிடையாது.

திறப்பு விழாவில் சீதாபதிதான் முதலில் நின்றார். அவர் நிழலுரு இருக்கையில் உட்கார்ந்தபடியே உதவியாளருக்குக் கைபேசியில் ஆணைகள் போட்டுக்கொண்டிருந்தது. மீட்புக் குழுவினர் அத்தனை பேரும் தோற்றார்கள். அவர்களில் ஒருவர் அந்த ஏணியைப் பார்த்ததே அன்றுதான்.

“அண்ணி, என் முறை!” என்று சுலோச்சனா முன்னால் ஓடினாள். போகிற போக்கில் துப்பட்டாவையும் சுருட்டி மங்கையின் மடியில் போட்டாள். அவள் நிழலுரு ஏணியில் இரண்டு படி இறங்கி, ஒரு கையை விட்டு, தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்ள முயன்றது. அதன் பிறகு நடந்ததைத் திரை நாகரிகமாக மறைத்துவிட்டது.

“நான் அப்படியெல்லாம் பண்ணவே மாட்டேன்,” என்றாள் சுலோச்சனா. சொல்லும்போதே அவள் கையில் கைபேசி இருந்தது.

மங்கை தன் மடியில் இருந்ததையெல்லாம் அவள் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். சீதாபதியும் வந்துவிட்டார். அவருக்கு உள்ளூரப் பதைப்பு.

திரையில் மங்கையின் நிழலுரு இருக்கையிலிருந்து கைகளை ஊன்றி எழும்பியது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து ஆட்டோவுக்கும் அன்றாடம் தன்னைத் தானே தூக்கி வைத்துக்கொள்கிற கைகள் அவை. ஏணியின் பக்கக் கம்பிகளைப் பிடித்து, கால்கள் சும்மா தொங்க, கை மாற்றிக் கை மாற்றி இறங்கியது. அவசரமும் இல்லை, ஆர்ப்பாட்டமும் இல்லை. தரையில் உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, ‘என் நாற்காலி எங்கே?’ என்பதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தது.

பச்சை விளக்கு எரிந்தது. அந்த விளக்கு வேலை செய்யும் என்பதே அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. வரிசை கைதட்டித் தீர்த்தது. மங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது.

“நீங்களும் வாங்க,” என்று கணவனைப் பார்த்துக் கை நீட்டினாள்.

தெய்வசிகாமணி பைகளைப் பார்த்தான். “நீ போய்ட்டு வா மங்கை. நான் பையைப் பார்த்துக்கிறேன்.”

“பையை சுலோ பார்த்துப்பா.”

“அவ சின்னப் பொண்ணு, எங்கேயாவது தொலைச்சுடுவா.”

“அவளுக்கு முப்பது வயசுங்க. வாங்க.”

மாடு பிடிக்கப் போகிறவன் போல ஒரு வீறாப்போடு அவன் வாசலில் போய் நின்றான். திரையில் அவன் நிழலுரு தோன்றியது. வண்டி உச்சியில் நின்றது. நிழலுரு அசையவில்லை. கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, “மங்கை, மங்கை” என்று முனகியது.

“உங்கள் நிழலுரு இருக்கையை விட்டே எழவில்லை,” என்றது வெளியேறுமானி. “காரணம்: பயம். வண்டி கிளம்புவதற்கு முன்பிருந்தே.”

வரிசை இந்த முறை சிரிக்கக்கூட மறந்துவிட்டது. மங்கை நாற்காலியை மெல்லத் திருப்பினாள்.

“என்னங்க இது?”

“மிஷின்ல ஏதோ கோளாறு...”

“வகுப்புல பிள்ளைங்க என்கிட்ட ஆயிரம் பொய் சொல்லுதுங்க. இதைவிட நல்லா சொல்லும்.”

தெய்வசிகாமணி தலையைத் தொங்கப்போட்டான். “எனக்கு ராட்டினமே ஆகாது மங்கை. சின்ன வயசுலேருந்து. மேலே பார்த்தாலே கண்ணை மூடிக்குவேன். உன்னை விட்டுட்டு வர மாட்டேன்னு சொன்னா யாரும் மறுபேச்சு பேசலை. சௌகரியமா இருந்துச்சு.”

“அப்போ கோர்ட்டுக்கு எதுக்குங்க கூட வந்தீங்க? ஒரு வாய்தா விடலையே?”

“நீ ஜெயிப்பேன்னு நான் நினைக்கவே இல்லை.”

மங்கைக்கு எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருஷம் அவளுடைய நாற்காலியில் எல்லோரும் பைகளை மாட்டினார்கள், இந்த மனுஷன் தன் பயத்தையே மாட்டியிருக்கிறான்! தனியாகவே ஏறிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். ஆனால் ஆசைப்பட்டது தனியாகக் கத்துவதற்கு அல்லவே. அப்போதுதான் அவளுக்கு அந்தப் பழைய விதி நினைவுக்கு வந்தது. வழக்கு நடத்தி நடத்தி அவளுக்குப் பூங்காவின் விதிகள் எல்லாம் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

“சீதாபதி சார், ‘தனியாக இறங்க இயலாதவர், தம்மைத் தூக்கி இறக்க வல்ல துணையோடு வந்தால் அனுமதிக்கப்படுவார்’னு ஒரு விதி போட்டிருந்தீங்களே. அது இன்னும் இருக்கா?”

சீதாபதி நெளிந்தார். அவளை வாசலிலேயே திருப்பி அனுப்ப அவர் யோசித்துப் போட்ட விதி அது. அப்போது தெய்வசிகாமணி இடுப்பு வலி என்று சொல்லிக் கழன்றுகொண்டிருந்தான். “இருக்கு மேடம். எல்லா விதியையும் மானிக்குள்ள அப்படியே ஏத்திட்டாங்க.”

மங்கை கணவனின் கையைப் பிடித்து இழுத்து வாசலில் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். “இவருக்குத் துணை நான்,” என்றாள்.

திரையில் இரண்டு நிழலுருக்கள். ஒன்று நடுங்கியது. மற்றது பாதுகாப்புப் பட்டையை அவிழ்த்து, நடுங்குவதைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, முன்பு போலவே கை மாற்றிக் கை மாற்றி இறங்கியது. ஒல்லியான புருஷனைக் கட்டிக்கொண்டதில் உள்ள நன்மை அன்று அவளுக்கு விளங்கியது.

“இருவரும் தகுதி. நிபந்தனை: அவர் கண்ணைத் திறக்கக் கூடாது.”

“எனக்கு இடுப்பு...” என்று ஆரம்பித்தான் தெய்வசிகாமணி.

“ஏறுங்க,” என்றாள் மங்கை.

சுழிக்காற்று கிளம்பியது. உச்சியில், கவிழப் போவதற்கு முன்னால் ஒரு கணம் அது தயங்கியது. மங்கை கீழே பார்த்தாள். இத்தனை வருஷம் மனிதர்களை இடுப்பு உயரத்திலிருந்தே பார்த்துப் பழகியவள், முதல் முறையாக அவர்களுடைய உச்சந்தலைகளைப் பார்த்தாள். சீதாபதிக்கு நடு மண்டையில் வட்டமாக ஒரு வழுக்கை. அத்தனை பெரிய மனிதர் பாவம், சின்னதாகத் தெரிந்தார். பிறகு உலகம் கவிழ்ந்தது. அவள் தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்தில் தெய்வசிகாமணி அவளைவிடப் பெரிதாகக் கத்தினான், அவள் பெயரையும் எல்லாச் சாமிகள் பெயரையும் கலந்து. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இறங்கி நாற்காலிக்கு மாறியபோது அவளைச் சுற்றி ஒரே கூட்டம்.

“அக்கா, எனக்கு ஒரு ரவுண்டு துணைக்கு வாங்கக்கா!”

“டீச்சர், நான் ரொம்ப வெயிட் இல்லீங்க!”

புது மாப்பிள்ளைகூட வந்துவிட்டான், வேட்டியை அவிழ்த்துவிட்டுக் கடன் வாங்கிய கால்சட்டையில். மங்கைக்குப் பெருமை பிடிபடவில்லை. மகாராணி தர்பாரில் அமர்ந்ததுபோல் உட்கார்ந்து, இவர் தேறுவார், இவர் கனம், இவர் பதறுவார் என்று ஆள் பார்த்துப் பிரிக்க ஆரம்பித்தாள்.

நரைத்த மீசைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். “துணையெல்லாம் வேணாம்மா. நான் மின் கோபுரம் ஏறி வேலை பார்த்தவன். முழங்கால் மடங்கலைன்னு மிஷின் சொல்லுது. முழங்காலை மடக்காமலே இறங்க எனக்குத் தெரியும். யாரும் கேட்கவே மாட்டேங்கிறாங்க.”

மங்கை கைகூப்பினாள். தேன் ஒழுகச் சிரித்தாள். “துணை இல்லாம முடியாதுங்க ஐயா. எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. அந்தப் பெரியவர் அவளையே பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் இதே வாசலில், இதே வார்த்தைக்கு, அவள் பார்த்த பார்வை. கூப்பிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது.

“மன்னிச்சுக்குங்க ஐயா. உங்க மேல தப்பில்லை,” என்றாள் கடைசியில். நாற்காலியைத் திருப்பி அண்ணாந்து பார்த்தாள். உச்சியிலிருந்து செங்குத்தாகத் தொங்கியது அந்த ஒல்லி ஏணி. “சீதாபதி சார், இத்தனை பேரை அளந்தீங்களே. அந்த ஏணியை யாராவது அளந்தீங்களா? அதை எடுத்துட்டுச் சாய்தளம் போடுங்க. எல்லாரும் இறங்கிடுவாங்க.”

பழக்க தோஷத்தில் சீதாபதி கைகூப்பினார். “அதுக்கு இடமில்லை மேடம்.”

“ஏன் இடமில்லை?” என்றார் மீசைக்காரர்.

“ஏன்யா இடமில்லை? பார்க்கிங்குக்கு மட்டும் இருக்கா?” என்றான் மாப்பிள்ளை. அவ்வளவுதான். வேட்டி, தொப்பை, வளையல், கைபேசி என்று ஆளுக்கொரு காரணத்தால் தோற்றிருந்த அத்தனை பேரும் சீதாபதியைச் சூழ்ந்துகொண்டு அதையே கேட்டார்கள். அந்த ஏணி அங்கே எப்போதும்தான் இருந்தது. இன்றுதான் அவர்கள் கண்ணில் பட்டது. வருஷக்கணக்காக மங்கை ஒருத்தியாக நின்று கேட்ட கேள்வி அது. சத்தம் வெளிவாசல் வரை கேட்டது. சீதாபதி, இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி யாருக்கோ ஆணை போட்டுக்கொண்டிருந்தார்.

சுலோச்சனா அண்ணிக்கு உதவி செய்கிற நினைப்பில் வந்து, கைப்பையை நாற்காலியில் மாட்டப் போனாள். பாதியில் கை நின்றது. ஒரு கணம் யோசித்துவிட்டு, பைகள் எல்லாவற்றையும் கொண்டுபோய் அண்ணனின் தோளில் மாட்டினாள்.

“மங்கை,” என்றான் தெய்வசிகாமணி, இன்னும் கண்ணைத் திறக்காமல். “சாய்தளம் கட்ட எத்தனை நாள் ஆகும்?”

“ஏன், சீக்கிரம் வரணுமா?”

“இல்லை. மெதுவாவே வரட்டும்.”