அளவிக்கு வைத்த பொட்டு

சனிக்கோளின் நிலவான டைட்டனின் குடியிருப்பில் ஆயுத பூசைக்கு முதல் நாள் சூரியனை அணைத்துவிட்டுத் துடைப்பார்கள். காந்தக்கூண்டுக்குள் அந்தரத்தில் சுழலும் கனற்கூழ், அதாவது பிளாஸ்மாதான், அந்த ஊருக்குச் சூரியன். விளக்கு, வெந்நீர், மூச்சுக்காற்று எல்லாம் அதன் தயவு. துடைத்து, மாலை சாத்தி, பூசணிக்காய் சுற்றி உடைத்தபின் மறுபடி பற்றவைப்பார்கள்.

இந்த ஆண்டு பற்றவைத்ததிலிருந்து ஊரே ஜெகஜ்ஜோதி. தெருவிளக்குகள் கண்ணைப் பறித்தன. குழாயைத் திறந்தால் கொதிநீர். பேராற்றல் பெருந்தலைவர் சிங்காரவேலர் ‘ஒளிவள்ளல்’ என்ற பட்டத்தை மறுக்க முடியாமல் ஏற்றுக்கொண்டார். அளவாளர் மங்கையர்க்கரசிக்குத்தான் நிம்மதி போயிற்று. அடர்த்தியளவி வழக்கமான எண்ணையே காட்டியது. கூண்டின் உட்சுவரோ கரைந்துகொண்டிருந்தது. காரணம் தெரியாமல் விடுப்பு கிடையாது என்றுவிட்டார் பெருந்தலைவர். செவ்வாய்க் கோளில் அவள் மகளுக்குக் கல்யாணம். நாளை கிளம்பும் கப்பலை விட்டால், அடுத்த கப்பல் பேரனுக்குக் காதுகுத்தும்போதுதான் வரும்.

கனற்கூழைத் தொட்டு அளக்க முடியாது. தொடுகிற எதுவும் ஆவி. ஒளிக்கற்றையை உள்ளே செலுத்தி, சிதறித் திரும்பும் வெளிச்சத்தை ஒரு கண்ணாடி வழியாகப் பிடித்து, அதன் பிரகாசத்தை வைத்து அடர்த்தியைச் சொல்வார்கள். கதிர்க்கவசத்தை மாட்டிக்கொண்டு, மூட்டுவலியோடு ஏணியேறி, அந்தக் கண்ணாடியை எட்டிப் பார்த்தாள் மங்கையர்க்கரசி. நட்டநடுவில் சந்தனம். அதன்மேல் குங்குமம்.

“டேய் சொக்கு, இது யார் வேலை?”

“நான்தாம்மா,” என்றது துப்புரவு ரோபோ. “பூஜை மாடத்துல ஒரு பழைய அளவி இருக்குல்ல, அதுக்குப் பொட்டு வெச்சிருந்தாங்க. இது மட்டும் மூளியா நின்னுச்சு. பாவமா இருந்துச்சு.”

வெளிச்சத்தில் பாதியைப் பொட்டு விழுங்கிவிட, கூழ் மெலிந்துபோனதென்று நம்பிய கட்டுப்பாட்டுப்பொறி எரிபொருளை ஊட்டு ஊட்டென்று ஊட்டியிருக்கிறது. துடைத்தாள். அளவி உண்மையைச் சொன்னது. பொறி கையை இழுத்துக்கொண்டது. ஊர் பழைய மங்கலுக்குத் திரும்பியது.

சற்று நேரத்தில் ஒளிவள்ளல் தலையில் சோப்பு நுரையோடு வந்து நின்றார்.

“வெந்நீர் எங்கம்மா போச்சு?”

“காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டேன் சார். கண்ணாடியில பொட்டு. துடைச்சுட்டேன்.”

“யாரைக் கேட்டுத் துடைச்சீங்க?”

“விட்டா சுவர் ஓட்டையாயிடும் சார். ஊரே அணைஞ்சு போயிடும்.”

“எப்ப?”

“மூணு வருஷம் தாங்கலாம்.”

“அடுத்த வருஷமே நான் ரிட்டயர்டு. அளவி சரியாத்தானே காட்டிக்கிட்டிருந்துச்சு? அதை ஏன் கெடுக்கறீங்க? பொட்டை வெச்சுட்டு வாங்க, லீவுக்குக் கையெழுத்துப் போடறேன்.”

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. சந்தனம் எடுக்க மாடத்துக்குப் போனாள். முதல் குடியேறிகள் வெப்பம் தாங்காமல் பூமியைக் காலிசெய்தபோது கொண்டுவந்த வெப்பமானி அங்கே மாலையோடு தொங்கியது. தினமும் கும்பிட்டதுதான், படித்ததில்லை. இன்று கிட்டப் போய்ப் பார்த்தாள். நாற்பதுக்குக் கீழே எண்கள் பளிச்சென்று தெரிந்தன. அதற்கு மேலே, ஒவ்வொரு கோட்டின் மீதும், முன்னோர்கள் பக்தியோடு பொட்டு வைத்திருந்தார்கள்.

சரிந்திருந்த மாலையை நேராக்கினாள். பிறகு, மூட்டை கட்ட வேண்டிய வேலை பாக்கியிருந்ததால், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஏணியைப் பார்த்து நடந்தாள்.