ஒரே உடை, இரண்டு அளவு

அந்தத் தெருவில் ஒரு வாரமாக யாரும் யாரையும் நம்பவில்லை. எல்லாம் ஒரு நடனப் போட்டி செய்த வேலை.

சனிக்கிழமை தோறும் மாலை ஐந்து மணிக்கு டிவியில் வரும் போட்டி அது. முறையாக நடனம் படித்தவர்கள் பாதிப் பேர், வேறு ஏதோ வேலையில் பேர் வாங்கிய பிரபலங்கள் பாதிப் பேர். பார்க்கிறவர்கள் போனில் ஓட்டுப் போடுவார்கள். போன வாரம், பத்து வருடம் நடனம் படித்த ஒரு இளைஞர் வெளியே போனார். ஏழுமணி அக்கா இறுதிச் சுற்றுக்குப் போனார்.

ஏழுமணி அக்கா செய்தி வாசிக்கிறவர். இருபது வருடமாக, தினமும் ஏழு மணிக்கு, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து செய்தி வாசித்தவர். மேசைக்குக் கீழே அவருக்குக் கால் இருக்கிறதா என்றுகூடத் தெருவில் யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவர் போன வார முகமூடிச் சுற்றில் பம்பரமாகச் சுழன்றால் ஊர் சும்மா இருக்குமா?

"முகமூடி போட்டுக்கிட்டா யாரு வேணாலும் ஆடலாம். உள்ள இருந்தது வேற ஆளு," என்றார் மளிகைக்கடைக்காரர்.

"டூப்புங்க, டூப்பு! உட்கார்ந்தே இருந்தவங்களுக்கு இடுப்பு இப்படி வளையுமா?" என்றார் முடிதிருத்துபவர். கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டே அவர் இடுப்பை வளைத்துக் காட்டியதில், நாற்காலியில் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போய் வந்தாள் குண்டூசி.

அவளுக்கு வயது பத்து. ஆள் ஒல்லி, பேச்சு கூர்மை. போதாததற்கு அவள் அம்மா தையல்காரம்மா. அதனால் அந்தப் பட்டப்பெயர் பிறந்த வீட்டிலேயே தயாராக இருந்தது என்று சொல்லலாம்.

குண்டூசியின் சந்தேகம் தெருக்காரர்களின் சந்தேகத்தைவிடப் பெரியது. காரணம், அந்தப் போட்டிக்கு உடை தைப்பதே அவள் அம்மாதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா தையல் மிஷினில் இரண்டு சிவப்பு உடைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே துணி. ஒரே கழுத்து. ஒரே ஜிகினா வேலை. இறுதிச் சுற்றில் ஏழுமணி அக்கா போடப்போகிற உடை.

"எதுக்கும்மா ரெண்டு?"

"எதுக்கோ. நூலைக் கோத்துக் குடு."

குண்டூசி நூலைக் கோத்தாள். கண் மட்டும் மேசைமேல் விரித்து வைத்திருந்த அளவு நோட்டுக்குப் போனது. ஏழுமணி அக்காவின் பக்கத்தில் இடுப்பு அளவு இரண்டு இருந்தது. ஒன்று முப்பத்திரண்டு. இன்னொன்று முப்பத்து நாலரை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு ஆளுக்கு எப்படி இரண்டு இடுப்பு இருக்கும்?

"அம்மா, இது..."

அம்மா நோட்டைப் பட்டென்று மூடினார். "கஸ்டமர் அளவு கடை வாசப்படியைத் தாண்டக்கூடாது. தெரியுமில்ல?"

தெரியும். நடக்கப் பழகியபோதே கேட்ட பேச்சு அது. அந்த நோட்டில் தெருவே இருந்தது. யாருக்கு எத்தனை அங்குலம் ஏறியது, யாருக்கு இறங்கியது என்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அம்மா ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அதனால்தான் டிவிக்காரர்களும் இந்தச் சின்னக் கடையைத் தேடி வந்தார்கள்.

ஆனால் மனசுக்குள் ஒரு சந்தேகம் நுழைந்துவிட்டால் அது சட்டைக்குள் போன எறும்பு மாதிரி. ஓர் இடத்தில் நிற்காது.

மறுநாள் இடைவேளையில் குண்டூசி தன் தோழியிடம் சொல்லிவிட்டாள். தோழியின் பெயர் ரேடியோ. பெயரைக் கேட்டதுமே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

"யார்கிட்டயும் சொல்லிடாதடி."

"சத்தியமா சொல்லமாட்டேன்!" என்றாள் ரேடியோ. அவள் கால் அப்போதே அடுத்த பெஞ்சைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

வியாழக்கிழமை காலையில் அந்தச் செய்தி தெருவுக்கு வந்தபோது நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்திருந்தது. தையல்காரம்மா திரைக்குப் பின்னால் இரண்டு பெண்களுக்கு அளவெடுத்தாராம். இரண்டாவது பெண் முகத்தை மூடிக்கொண்டு வந்தாளாம். பின்வாசல் வழியாகப் போனாளாம். கடைக்குப் பின்வாசலே கிடையாது. அதை யார் யோசித்தார்கள்?

பத்து மணிக்கு ஒருவர் செல்போனை நீட்டிக்கொண்டு கடை முன்னால் வந்து நின்றார். தெருவில் நடப்பதையெல்லாம் படம் பிடித்துப் போடுகிற சேனல்காரர் அவர்.

"நேயர்களே, டூப்புக்கு உடை தைக்கிற கடை இதுதானாம்! உண்மை என்ன? மர்மம் என்ன?"

அம்மா கதவை இழுத்துச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் டிவி நிலையத்திலிருந்து போன் வந்தது. அம்மா "சரிங்க... சரிங்க..." என்று மட்டும் சொன்னார். வைத்த பிறகு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நம்மகிட்ட இருந்துதான் விஷயம் வெளிய போச்சாம். இந்தப் பேச்சு அடங்கலைன்னா அடுத்த மாசத்துல இருந்து வேற கடை பார்த்துக்குவாங்களாம்."

பரீட்சை என்பதால் அன்று பள்ளி பதினொரு மணிக்குத்தான். குண்டூசி பையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

அம்மா நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "இந்தப் போட்டி உடையைத் தொடறது மூணே பேர். நான், நீ, அப்புறம் இஸ்திரிக்காரர். போன வாரம் ரெண்டு பச்சை உடையைத் தேய்ச்சப்பவே, 'என்னம்மா, ஒண்ணு பெருசா இருக்கு'ன்னு கேட்டாரு. அவரு வேலைதான் இது."

"அவரா இருக்காதும்மா..."

"உனக்கென்ன தெரியும்?"

அந்த நேரம் பார்த்து இஸ்திரிக்காரரே மூட்டையோடு வந்தார். "தங்கச்சி, இந்தாங்க துணி."

"வெச்சுட்டுப் போங்க," என்றார் அம்மா. "இனிமே நானே தேய்ச்சுக்கிறேன்."

"ஏன், சுருக்கம் ஏதாவது இருந்துச்சா?"

"துணியில இல்லண்ணே."

இஸ்திரிக்காரர் ஒன்றும் புரியாமல் அம்மாவைப் பார்த்தார், குண்டூசியைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு போனார். அன்று பரீட்சையில் என்ன எழுதினாள் என்று குண்டூசிக்கே தெரியாது.

மாலையில் வீடு திரும்பியபோது அம்மா ஒரு பச்சை உடையைத் தூக்கிக் கொடுத்தார். முகமூடிச் சுற்றில் ஏழுமணி அக்கா போட்டிருந்த அதே உடை. "வேற ஒருத்தருக்கு மாத்தித் தைக்கணும். லைனிங்கைப் பிரிச்சு வை."

குண்டூசி உடையை உள்பக்கமாகத் திருப்பித் தையலைப் பிரித்தாள். இடுப்பைச் சுற்றி லைனிங் துணி நாலு விரல் அகலத்துக்குத் தேய்ந்து நைந்து போயிருந்தது. முன்பக்கம் இரண்டு இடத்தில் ஏதோ கொக்கி அழுத்திய தடம். மூக்கருகே கொண்டுபோனாள். வலித் தைலத்தின் வாசனை குப்பென்று அடித்தது.

இந்தத் தேய்மானத்தை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். மூட்டை தூக்குகிற பெரியப்பாவின் சட்டைகள் எல்லாம் உள்ளே இப்படித்தான் நைந்திருக்கும். இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் இருக்க அவர் சட்டைக்குள் பெல்ட் கட்டுவார்.

பெல்ட் கட்டினால் முப்பத்து நாலரை. கட்டாவிட்டால் முப்பத்திரண்டு.

டூப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒரே ஆள். அவருக்கு இடுப்பு வலி. வலி கூடிய நாளில் பெரிய உடை, குறைந்த நாளில் சின்ன உடை.

குண்டூசி எழுந்து ஓடப் பார்த்தாள். தெருவில் நின்று உரக்கச் சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்தது! வாசல் வரைக்கும் போனவள், அப்படியே நின்றாள். இரண்டு அளவைச் சொன்னதற்கே இவ்வளவு. இதையும் சொன்னால்?

அவள் நின்ற இடத்துக்கு நேராக ஒரு கார் வந்து நின்றது. ஏழுமணி அக்கா இறங்கினார். உடையைப் போட்டுப் பார்க்க வந்திருக்கிறார். காருக்குப் பின்னாலேயே சேனல்காரரும், அவருக்குப் பின்னால் பாதித் தெருவும்.

அக்கா உள்ளே வந்ததும் அம்மா கதவைச் சாத்தினார். அக்கா குனியாமல், ஒரு காலால் இன்னொரு காலின் செருப்பைத் தள்ளிக் கழற்றப் பார்த்தார். வார் மாட்டிக்கொண்டது. குண்டூசி சட்டென்று உட்கார்ந்து கழற்றிவிட்டாள்.

"தேங்க்ஸ்டா கண்ணு."

அவ்வளவுதான். குண்டூசிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா, இஸ்திரி மாமா சொல்லல. நான்தான் சொன்னேன். நோட்டைப் பார்த்தேன். ரேடியோகிட்ட சொன்னேன்."

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. "நீயா?"

"லைனிங்கை இப்பத்தான் பார்த்தேன். பெல்ட்டு பத்தி யார்கிட்டயும் சொல்லல. சத்தியமா."

அம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று குண்டூசி காத்திருந்தாள். அவர் சிரித்தார். கொஞ்சம் களைத்த சிரிப்பு.

"இருபது வருஷம் உட்கார்ந்தே வாங்கின வலிம்மா இது. டாக்டர்தான் உடம்பை அசைச்சு ஏதாவது செய்யச் சொன்னாரு. உட்கார்ந்தா வலிக்குது, ஆடினா குறையுது. சொன்னா யாரு நம்புவா?"

"சொல்லிப் பார்த்திருக்கலாமே?" என்று கேட்டாள் குண்டூசி.

"சொன்னா, பரிதாபத்துல ஓட்டு வாங்கப் பார்க்கிறாங்கன்னு சொல்வாங்க. எனக்கு ஆட்டத்தைப் பார்த்து ஓட்டு விழணும். விழலைன்னா விழாம போகட்டும்."

வெளியே சேனல்காரர் கதவைத் தட்டினார். "உள்ள எத்தனை பேர் இருக்கீங்க? பதில் சொல்லுங்க!"

அம்மா எழுந்தார். குண்டூசி அவர் கையைப் பிடித்தாள். "நான் ஆரம்பிச்சது. நான் போறேன்."

கதவைத் திறந்து படியில் நின்றாள். செல்போன் அவள் மூக்குக்கு நேராக வந்தது.

"பாப்பா, பயப்படாம சொல்லு. டூப்பைப் பார்த்தியா?"

"நான் நோட்டுல ரெண்டு அளவு பார்த்தேன். ரெண்டு ஆளைப் பார்க்கல," என்றாள் குண்டூசி. "டூப்புன்னு நானே நினைச்சு என் தோழிகிட்ட சொன்னேன். அது தப்பு. முகத்தை மூடின பொண்ணு, பின்வாசல் எல்லாம் நான் சொல்லவே இல்ல. யாரு சேர்த்தாங்களோ தெரியாது."

கூட்டத்தில் ரேடியோ மெதுவாக மளிகைக்கடைக்காரருக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

சேனல்காரர் விடவில்லை. "சரி, அப்ப ஒரே ஆளுக்கு எதுக்கு ரெண்டு அளவு? அதைச் சொல்லு."

"கஸ்டமர் அளவை வெளிய சொல்றதில்ல."

"மக்களுக்குத் தெரியணும் பாப்பா! மறைக்கக் கூடாது!"

குண்டூசி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப எல்லார் அளவையும் சொல்லலாமா? போன மாசம் நீங்க பேண்ட்டைப் பிரிச்சுத் தைக்கக் குடுத்தீங்களே, அதுவும் நோட்டுல இருக்கு. முதல்ல உங்களோடது. சொல்லவா?"

சேனல்காரர் வயிற்றைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார். செல்போன் தானாகக் கீழே இறங்கியது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரித்து முடித்ததும் ஒவ்வொருவருக்கும் ஏதோ நினைவு வந்தது. முடிதிருத்துபவர் தன் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்தார். மளிகைக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"அது... அடுத்தவங்க அளவு நமக்கு எதுக்குப்பா? அந்தப் பிள்ளை சொல்றது நியாயம்தானே. கலைங்க, கலைங்க!"

ஐந்து நிமிடத்தில் தெரு காலியாகிவிட்டது. அக்காவும் உடைகளைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

அம்மா திட்டுவார் என்று குண்டூசி நினைத்தாள். அவர் திட்டவில்லை. இரண்டு சிவப்பு உடைகளையும் மடித்து அவள் கையில் வைத்தார்.

"இஸ்திரிக்காரர்கிட்ட போவோம். நீ பண்ணினதை நீ சொல்லு. நான் பண்ணினதை நான் சொல்றேன்."

இஸ்திரிக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினார்.

"மன்னிச்சுடுங்கண்ணே," என்றார் அம்மா. "கேட்காமலே உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்."

"மத்தியானம் சாப்பாடே இறங்கல தங்கச்சி. என்ன தப்பு பண்ணினேன்னு தெரியாம முழிச்சேன்." அவர் உடைகளை வாங்கி விரித்தார். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார். பிறகு குண்டூசியின் பக்கம் குனிந்தார். "ஆமா... எதுக்குத்தான் இந்த ரெண்டு அளவு?"

அவருக்காவது சொல்லலாமே என்று அவளுக்குத் தோன்றியது. அவர்தானே வீண் பழி சுமந்தவர்? வாய் பாதி திறந்தது. அப்படியே மூடிக்கொண்டது.

இஸ்திரிக்காரர் பெரிதாகச் சிரித்தார். "சொல்லியிருந்தா, இனிமே என் பேண்ட்டை வேற கடையிலதான் குடுத்திருப்பேன்."

மறுநாள் டிவி நிலையத்திலிருந்து மறுபடி போன் வந்தது. கடை மாற்றும் பேச்சையே எடுக்கவில்லை. அக்கா பேசியிருக்க வேண்டும் என்றார் அம்மா. அதோடு, அடுத்த நான்கு வாரத்துக்குக் குண்டூசி கடைக்குள் நோட்டு இருக்கும் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கக்கூடாது என்றும் சொன்னார்.

சனிக்கிழமை மாலை தெருவே டிவி முன்னால் உட்கார்ந்தது. ஏழுமணி அக்கா சிவப்பு உடையில் வந்தார். முகமூடி இல்லை. முகம் நன்றாகத் தெரிந்தது. சுழன்றார், தாவினார், ஒரு இடத்தில் மூச்சு வாங்கி நின்றார், பிறகு சிரித்துக்கொண்டே தொடர்ந்தார். கடைசியில் அவருக்கு மூன்றாவது இடம்தான் கிடைத்தது.

"மூணாவது இடமா?" மளிகைக்கடைக்காரர் துள்ளி எழுந்தார். "அநியாயம்! இதுல ஏதோ உள்குத்து இருக்கு!"

"ஓட்டை மாத்தி எண்ணிட்டாங்க," என்றார் முடிதிருத்துபவர்.

ரேடியோ குண்டூசியின் பக்கம் நகர்ந்து வந்து காதோரம் கிசுகிசுத்தாள். "ஏய், உங்கம்மாதானே உடை தைக்கிறாங்க. உனக்கு உள்விஷயம் ஏதாவது தெரிஞ்சிருக்குமே?"

"தெரியும்," என்றாள் குண்டூசி.

"என்னடி? என்ன?"

"நல்லா ஆடினாங்க."