கடைசி ஓட்டை

காலை பத்து மணிக்கு அவன் அக்காவின் குதிரை லாயத்துக்கு வந்து சேர்ந்தான். தோளில் கம்பிவலைச் சுருள், பையில் வெட்டுக்குறடும் சுண்ணாம்புப் பொடியும். எலி முதல் நரி வரை எதுவும் கட்டடத்துக்குள் நுழையாமல் அடைத்துக் கொடுப்பதுதான் அவன் தொழில்.

"வாடா மகராசா. ஊருக்கெல்லாம் ஓடி ஓடி அடைப்பே, அக்கான்னா மட்டும் மூணு வாரம்."

"வந்ததும் திட்டு வாங்கணுமே, அதான் தெம்பு சேர்த்துக்கிட்டு வந்தேன்."

லாயத்தில் ஒரே ஒரு பெண்குதிரை. நிறைசினை. போன வருஷம் அது ஈன்ற குட்டியைச் சுவரடி ஓட்டை வழியாக நரிகள் இழுத்துப் போய்விட்டன. ஓட்டையில் சிக்கி மிஞ்சியது இடது பின்னங்கால் மட்டும். அதை அக்காதான் வெளிச்சுவரை ஒட்டிப் புதைத்தாள். இந்தக் குட்டியாவது தங்க வேண்டும். அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

"பத்து நாளா ஏதோ உள்ளே வருதுடா. காம்பு நுனியில மெழுகு மாதிரி பால் கட்டுது. கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா இல்ல. ஈரமா இருக்கு."

"பால் குடிக்கிற நரியா? எனக்கே புதுசா இருக்கே."

மதியத்துக்குள் பதினோரு ஓட்டைகளை வலை வைத்து அடைத்தான். தண்ணீர்த் தொட்டிக்கு அருகே கடைசி ஓட்டை. அதை உடனே அடைக்கக் கூடாது. வைக்கோலைத் தளர்வாகத் திணித்து, முன்னால் பொடி தூவிக் காத்திருக்க வேண்டும். உள்ளே பதுங்கியிருப்பது வைக்கோலைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். போன தடம் பொடியில் விழுந்த பிறகுதான் வலை.

பொடி தூவிய கையோடு குதிரையின் பனிக்குடம் உடைந்தது.

"அடைச்சுத் தொலைடா! ரத்த வாடைக்கு நரி வந்துடும்!"

சுற்றிப் பார்த்தான். குதிரையைத் தவிர ஒன்றுமில்லை. அடைத்தான்.

அரை மணியில் குட்டி விழுந்தது. ஒரு மணியில் எழுந்து, நான்கு கால்களையும் ஊன்றி மடியைத் தேடிப் போனது.

தாய் உதைத்துத் தள்ளியது.

மறுபக்கம் கழுத்தைத் திருப்பி மெல்லக் கனைத்தது. அந்தப் பக்கம் யாருமில்லை. மடி மட்டும் ஆடியது.

சப்பும் சத்தம் கேட்டது.

ஈர மண் வாடை. அவன் மிச்சப் பொடியைக் குதிரையின் அடியில் வீசினான். வெள்ளையில் சின்னக் குளம்புகள் ஒவ்வொன்றாக அழுந்தின. மூன்று. இடது பின்னங்கால் இல்லை.

"அக்கா..."

"தெரியுது. சத்தம் போடாதே."

அவள் காம்பைக் கறந்து பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. இன்னொரு உதை வாங்கிய குட்டி படுத்துவிட்டது. சீம்பால் இறங்காவிட்டால் அது பிழைக்காது.

"கடைசி வலையை அறு."

"நரி வந்துடுமேக்கா."

"நான் நிக்கிறேன். அறு." வைக்கோல் வாரும் இரும்பு முள்ளை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வெளியே ஓடினாள்.

அவன் வலையை அறுத்து வைக்கோலைப் பிடுங்கினான். பொடியில் மூன்று குளம்புகள் அவனை நோக்கி வந்தன. மணிக்கட்டில் ஈரமான மூச்சு பட்டது. பிறகு ஓட்டைக்கு வெளியே மண்ணில் தடம் விழுந்தது.

தாய் ஒருமுறை கனைத்துவிட்டு அடங்கியது. குட்டி தட்டுத்தடுமாறி எழுந்து காம்பைப் பிடித்தது. தொண்டை அசைந்தது.

அவன் அவசர அவசரமாக வலையை இறுக்கி முடுக்கினான்.

அக்கா உள்ளே வந்தாள். வயிறு நிறைந்த குட்டி மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் பத்து நாளில் முதல் சிரிப்பு.

"தடத்தைப் பார்த்துட்டுத்தானே அடைச்சே?"

"பார்த்தேன். வெளியே போச்சு."

அவள் ஓட்டையின் முன் குனிந்தாள். சிரிப்பு நின்றது. வெளியே போன தடத்தின் மேலேயே, உள்ளே திரும்பி வந்த மூன்று குளம்புத் தடமும் இருந்தது.

குட்டி தூங்கிக்கொண்டேதான் இருந்தது.

சப்பும் சத்தம் கேட்டது.