பின்னாலிருந்து பதித்த பவளம்

பவளம் சூடாக இருந்தது. தட்டைத் திருப்பிப் பிடித்தபோதுதான் அவளுக்கு அது தெரிந்தது. செம்பு சில்லென்றிருக்க, அதில் பதித்த சிவப்புத் துளிகள் மட்டும் காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டன. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே காலையிலிருந்து விடாத மழை.

கணவன் போய் மூன்று மாதம். பழைய பாத்திரங்களைச் செப்பனிடும் அந்தப் பட்டறையை இருவரும் சேர்ந்துதான் நடத்தினார்கள். அவன் செத்த அன்றும் அவள் அழவில்லை. அதற்குப் பிறகும் எதுவும் உறைக்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொன்னாள். துணைக்கு வந்த அக்காதான் சமைத்தாள், பெருக்கினாள், ஒரு வாரமாக இந்தத் தட்டையும் மடியில் சாய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அருங்காட்சியகத்திலிருந்து வந்த முந்நூறு வருஷத்துத் தட்டு. தங்க முலாம் பூசிய செம்பில் துளை போட்டு, ஒவ்வொரு பவளத்தையும் பின்பக்கமிருந்து நுழைத்து, அரக்கு ஊற்றி, மேலே தகடு வைத்து மூடியிருந்தார்கள். முன்னாலிருந்து பார்த்தால் உலோகத்திலேயே முளைத்த மாதிரி இருக்கும்.

"ஏண்டி, அதையே வெறிச்சுப் பார்த்துட்டு இருக்க? டீ ஆறுது."

"இது சுடுதுக்கா."

"நேத்தே சுட்டுது. துடைக்கத் துடைக்க வெதுவெதுன்னு ஏறுச்சு. பழைய சாமான் அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்." அக்கா கழுத்தைச் சொறிந்துகொண்டே சமையலறைக்குப் போனாள்.

அவள் பின்தகட்டை மெல்ல நெம்பினாள். அரக்கு வாசனை வந்திருக்க வேண்டும். வந்ததோ கடல்நீர் வற்றிய பாறை இடுக்குகளின் கவிச்சி. கூடவே, பல்லோடு பல் உரசுவது போல ஒரு சத்தம், மழைச் சத்தத்துக்குள் ஒளிந்து ஒளிந்து கேட்டது.

தகடு கழன்றது.

அரக்கு இல்லை. பவளங்களின் அடியிலிருந்து மயிரிழை போன்ற சிவப்பு வேர்கள் கிளைத்து, ஒன்றோடொன்று பின்னி, தட்டின் ஓரம்வரை வந்திருந்தன. அக்கா பிடித்துத் துடைக்கும் ஓரம். அங்கே அறுந்திருந்தன. அறுந்த முனைகளில் ஈரம்.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. கழன்ற தகட்டை மேஜைமேல் வைத்தாள்.

"அடியே, இங்க வாயேன். கழுத்துல என்னமோ அரிக்குது, பாரு."

போனாள். அக்காவின் முடியை ஒதுக்கினாள்.

பின்கழுத்தில் ஒரு சிவப்புத் துளி. அதன் கீழே இன்னொன்று. முதுகில் வரிசையாக இறங்கின. வழவழப்பாக. ரத்தம் இல்லை. ஒவ்வொன்றையும் தோல் கச்சிதமாகக் கவ்வியிருந்தது.

"கட்டியா?"

"சின்னதுதாங்க்கா."

"கொஞ்சம் அழுத்தி விடேன்."

ஒரு துளியின் மேல் கட்டைவிரலை வைத்தாள். அழுத்தினாள். உள்ளே போனது.

பிறகு உள்ளிருந்து எதுவோ, பொறுமையாக, அதைத் திருப்பித் தள்ளியது.