வின் மெக்கானிக்கின் படகு

படகு மெக்கானிக் வின் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. திவச விருந்துக்காக உறவினர்கள் எல்லாரும் அவருடைய கால்வாய்க்கரை வீட்டில் கூடியிருந்தார்கள். அவர் படத்துக்கு முன்னால் சோறும் புளி போட்ட மீன்குழம்பும் வைத்து ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். அது எரிந்து முடியும்வரை யாரும் சாப்பிடக் கூடாது.

பசியை மறக்க எல்லாரும் வின்னைப் பற்றிப் பேசினார்கள். அந்தக் கால்வாயில் அவர் கை படாத எஞ்சினே கிடையாது. தூரத்தில் ஒரு படகு இருமினாலே போதும், தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்து போய்விடுவாராம். டீசல் நாற்றம் பிள்ளைகளுக்கு ஆகாது என்று எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் அவர்களைத் தூக்குவாராம்.

மகள் குயென் கேட்டுக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். படித்துறையில் அப்பாவின் மோட்டார் படகு நீலத் தார்ப்பாய் போர்த்தியபடி கிடந்தது. அதை யாரும் தொடக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. ஒருமுறை தம்பி அதன்மேல் ஏறி விளையாடியதற்கு அம்மா அன்று முழுவதும் அவனோடு பேசவே இல்லை.

அப்போது படித்துறையில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"மெக்கானிக் இருக்காரா? வின் அண்ணன் இருக்காரா?"

எல்லாரும் ஓடினார்கள். எஞ்சின் நின்றுபோன படகு ஒன்று கரையில் மோதி நின்றது. அதில் சென் என்ற பெண் மகனை மடியில் கிடத்தியிருந்தாள். வயலில் நண்டு பிடிக்கும்போது அவனைப் பாம்பு கடித்துவிட்டது. கணுக்கால் வீங்கிப் பளபளத்தது. சந்தைக்குப் பக்கத்து மருத்துவமனைக்குப் போகும் வழியில் எஞ்சின் படுத்துவிட்டது.

வின் இறந்துவிட்டார் என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். சென் அழவில்லை. மகனை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

மருத்துவமனைப் படகு வேறு ஊருக்குப் போயிருப்பதாகக் கைபேசியில் பதில் வந்தது. விருந்தாளிகள் வந்ததெல்லாம் துடுப்புப் படகுகளில்; அக்கம்பக்கத்து மோட்டார் படகுகள் சந்தைக்குப் போயிருந்தன. நீரோட்டமோ எதிர்த்திசையில் இழுத்தது.

குயென் ஓடிப்போய்த் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"ஏய், கையை எடு" என்றார் லோக் பெரியப்பா. "திவச நாள் அதுவுமா செத்தவன் பொருளைத் தொடுவாங்களா? உங்கம்மா மனசு என்ன பாடுபடும்?"

குயென் கையை எடுக்கவில்லை. முடிச்சு அவிழ மறுத்தது. அம்மா வாசலில் அசையாமல் நிற்பது தெரிந்தது.

"அம்மா, அப்பா இருந்தா இந்நேரம் கிளம்பியிருப்பாரும்மா" என்றாள்.

அம்மா இறங்கி வந்தாள். பெரியப்பா ஒதுங்கினார். அம்மா முடிச்சின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். அது சட்டென்று அவிழ்ந்தது.

"ஒரு வருஷமா ஓடாத எஞ்சின் எப்படிக் கிளம்பும்?" என்று பெரியப்பா முணுமுணுத்தார்.

"மாசாமாசம் நான் ஓட்டிப் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள் அம்மா. "நீங்கல்லாம் சந்தைக்குப் போன நேரமாப் பார்த்து."

குயென் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தார்ப்பாயை உருவிப் போட்டாள்.

பையனைத் தூக்கி அப்பாவின் படகில் கிடத்தினார்கள். அம்மாவும் குயெனும் சென்னும் ஏறிக்கொண்டார்கள். அம்மா எஞ்சின் கயிற்றைச் சுண்டினாள். எஞ்சின் இருமி அடங்கியது. மறுபடி சுண்டினாள். புகைதான் வந்தது. சென் கண்களை மூடிக்கொண்டாள். மூன்றாவது முறை எஞ்சின் உறுமியது.

கடிபட்ட காலை அசைக்கக் கூடாது என்று பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள். குயென் அதைத் தன் இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். பையன் பயத்தில் திமிறினான்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா? எங்கப்பா இவ்வளவு படகு ரிப்பேர் பண்ணாரே, அவருக்கு நீச்சலே தெரியாது."

பையன் திமிறுவதை நிறுத்தினான். "பொய்."

"நிஜமா. தண்ணியில விழுந்தா எங்கம்மாதான் தலைமுடியைப் பிடிச்சு இழுத்துப் போடுவாங்க."

"ரெண்டு தடவை" என்றாள் சுக்கானைப் பிடித்திருந்த அம்மா, திரும்பாமலே.

பையனின் உதடு சிரிப்பில் கோணியது. ஆனால் கண்கள் செருகத் தொடங்கின. குயென் அவனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். பாலத்தின் அடியில் எதிரே ஒரு நெல்படகு வழியை அடைத்து வந்தது. அம்மா வேகத்தைக் குறைக்காமல் தூணுக்கும் அதற்கும் நடுவே படகைச் செருகிக் கொண்டுபோனாள். பலகை உரசும் சத்தத்தில் குயெனின் பல் கூசியது.

மருத்துவமனைப் படியில் இரண்டு பேர் ஓடிவந்து பையனைத் தூக்கிச் சென்றார்கள். உள்ளே போன சென் வெகுநேரம் வரவில்லை. அம்மாவும் குயெனும் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் சென் வெளியே வந்தாள். இப்போதுதான் அழுதாள்.

"கண்ணு முழிச்சிட்டான் அக்கா. பசிக்குதுங்கிறான்."

வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஊதுவத்தி எப்போதோ அணைந்திருந்தது. ஆனாலும் ஒருவரும் சாப்பிடவில்லை. லோக் பெரியப்பா ஆறிப்போன குழம்பைத் தானே சூடுபண்ணி அம்மாவுக்கு முதலில் பரிமாறினார்.

மறுநாள் காலையில் குயென் எழுந்து வந்தபோது, சென்னின் படகுக்குள் அம்மா இறங்கியிருந்தாள். கழற்றிய எஞ்சின் மூடி பக்கத்தில் கிடந்தது. கன்னத்தில் கரி அப்பியிருந்தது.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் அம்மா. "அந்தப் பெரிய ஸ்பேனரை எடு."

குயென் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.